முதுகுப் பக்கம்

மஸ்கெலியாவில் மழை விடாத ஆனி.
லயத்தின் ஆறாம் காம்பராவில்
அம்மா மாதாவைச்
சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.
கோபமாகக்கூட இல்லை,
அரிசி களைகிற அதே கையால்
அதே நிதானத்தில்.

அண்ணன் பேசிப் பதினைந்து நாள்.
புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடை,
ஆணி நிறுக்கிற வேலை.
ஞாயிறு பூசை முடிகிற நேரம் பார்த்து
தவறாமல் எடுப்பான்.
இரண்டு ஞாயிறு போய்விட்டது.
அவன் இலக்கத்தில் ஒரு பெண்குரல்
சிங்களத்தில் ஏதோ சொல்லித்
தானே வெட்டிக்கொள்கிறது.

"ஒனக்கு மூணு நாள்தான் மாதாவே"
என்றாள் அம்மா அந்த முதுகிடம்.
"மூணாம் நாளு கோயில்ல கண்டுபுடிச்சிட்ட.
படிச்சவங்க நடுவுல குந்திக்கிட்டு
கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தான் ஒம் மவன்.
எம் மவனுக்குக் கேள்வி கேக்கத் தெரியாது.
போ. தேடிப் பாத்துட்டு வந்து
மூஞ்சியக் காட்டு."

சண்டை வீட்டில்தான்.
மலையில் செபம்.
விடிந்தால் பெரட்டு,
படங்கை இடுப்பில் இறுக்கி
ஐந்தாம் நம்பருக்கு ஏறிவிடுவாள்.
செபமாலை கொண்டுபோவதில்லை.
போன வருஷம் அறுந்து செடிக்குள் விழுந்ததில்
சிலுவை மட்டும்தான் கிடைத்தது.
அதனால் கொழுந்துதான் கணக்கு:
பிடிக்கு ஒரு மங்கள வார்த்தை,
பத்துப் பிடிக்கு ஒரு தேவரகசியம்.
ஐந்தாவதில் மட்டும் நின்றுவிடுவாள்.
காணாமற்போனதைச் சொல்வாள்.
கண்டடைந்ததைச் சொல்லமாட்டாள்.
அட்டை ஏறிய கால்
அப்படியே நிற்கும்.

பதினெட்டுக் கிலோவுக்கு அன்று பதினொன்று.
செக்ரோலில் சலேத்மேரிக்கு
அரைப்பேர் விழுந்தது.

பக்கத்துக் காம்பரா செங்கமலம்
ரொதை முனிக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு
மடித்த தாளில் திருநீறு கொண்டுவந்தாள்.
அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.
சுரூபத்தின் அடியில் செருகி வைத்தாள்.

வீடு சந்திக்க வந்த சாமி
பிளேன்டீயை ஊதிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.
"மாதா ஏன் திரும்பி நிக்கிறாங்க?"
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
"வெளிய போயிருக்காங்க சாமி"
என்றாள் அம்மா.
அவர் சீனியைக் கொஞ்சம் அதிகமாகவே கலக்கினார்.

அன்றிரவுதான் நான் பார்த்தேன்.
முன்னால் நீலமும் பொன் கரையும்
கன்னத்தில் ரோஜா நிறமும் இருந்தவளுக்குப்
பின்னால் ஒன்றுமே இல்லை.
வெறும் சுண்ணாம்பு.
அச்சு பொருந்திய கோடு,
ஈரத்தில் யாரோ அழுத்திய விரல் தடம்.
செய்தவன் நினைத்திருப்பான்,
இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று.
விளக்கைத் தணிக்கத் திரும்பினேன்.
அம்மா சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள்.
கூடையின் கயிறும் இருபத்தாறு வருஷமும்
இறங்கிய முதுகு.
நான் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம்
தேத்தண்ணிப் போத்தலோடு
கொழுந்து மடுவத்தில் நிற்கிறேன்,
தெரியாத இலக்கம் அடிக்கிறது.
ஒரு சிங்களப் பெண்.
அம்மாவின் சிங்களம் சந்தைக்கு மட்டும் போதும்,
விலையும் எடையும் தாண்டாது.
ஆஸ்பத்திரி என்பது விளங்கியது. டெங்கு.
போன் மழையில் போச்சு.
அவள் மகனின் பக்கத்துக் கட்டிலில் அமலதாஸ்.
காய்ச்சல் விட்டு இன்றுதான்
எங்கள் இலக்கத்தை ஞாபகப்படுத்திச் சொன்னானாம்.
பத்து நாளாய் இரண்டு கோப்பை கஞ்சி
காய்ச்சுகிறாளாம் அவள்.

பேர் கேட்க அம்மாவுக்கு வார்த்தை இல்லை.
"அம்மே" என்றாள்.
அந்தப் பக்கமும் "அம்மே" என்றது.
தராசு ஆடிக்கொண்டிருந்தது.
கணக்கப்பிள்ளை பேனாவோடு காத்திருந்தார்.
வேறொன்றும் பேசாமல்
திரும்பத் திரும்ப அதையே
சொல்லிக்கொண்டார்கள் இரண்டு பேரும்.

பிறகு அண்ணனின் குரல்,
ஈரத் துணி போல.
அம்மா அழுவாள் என்று
பாதி மலை வேலையை நிறுத்திவிட்டிருந்தது.

"ஒங் கடையில நீலப் பெயின்ட் இருக்கா?"
என்று கேட்டாள்.

அவன் என்ன சொன்னானோ.

"பெரிய டின்னு வேணாம்யா.
முதுகுக்கு மட்டுந்தான்."